14 தடவை தோற்றுவிட்டு 'இன்னைக்கு நல்லா போச்சு' என்கிறான் தம்பி, இந்த ஆட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது?

நிலாமுகில் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆடுகிற ஆள் இல்லை, என் தம்பி இணையத்தில் பல பேரோடு சேர்ந்து ஆடுகிற ஒரு கற்பனை உலக ஆட்டத்தை ஆடுகிறான். அவனுக்கு 24 வயது, வேலைக்குப் போகிறான், அதனால் திட்டி நிறுத்துகிற வயதும் இல்லை, எனக்கு அந்த எண்ணமும் இல்லை. ஆனால் செவ்வாயும் வியாழனும் ராத்திரி ஒன்பது மணி ஆனால் யார் கூப்பிட்டாலும் வரமாட்டான். 'இன்னைக்கு ரெய்டு இருக்கு அக்கா' என்பான், அவ்வளவுதான். கூட்டமாகச் சேர்ந்து ஒரு பெரிய அரக்கனை அடிக்கப் போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வாள், மந்திரம், டிராகன் எல்லாம் எனக்குப் புரிகிறது, சின்ன வயதில் மாயாஜாலக் கதைகளை விழுந்து விழுந்து படித்தவள்தான் நானும். புரியாதது வேறு.

போன வாரம் அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பார்த்தேன். மொத்தம் 20 பேர். ஒரு பெண் குரல் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணியது, எல்லோரும் ஒரு பெரிய அரக்கன் மேல் பாய்ந்தார்கள், நாலு நிமிஷத்தில் எல்லோரும் செத்தார்கள். திரும்ப ஓடி வந்தார்கள், திரும்ப எண்ணினார்கள், திரும்பச் செத்தார்கள். நடுவில் ஒருவர் குழந்தை அழுகிறது என்று எழுந்து போனார். மீதி 19 பேரும் இருபது நிமிஷம் அப்படியே காத்திருந்தார்கள், ஒருவர் குரலில்கூடச் சலிப்பு இல்லை. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், அன்றைக்கு 14 தடவை தோற்றார்கள், ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. பதினொன்றரைக்கு 'சரி, வியாழக்கிழமை பார்க்கலாம்' என்று சொல்லிக் கலைந்துவிட்டார்கள். தம்பி ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து 'இன்னைக்கு நல்லா போச்சு' என்றான். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தான்.

எது நல்லா போச்சு? இதைக் கேட்கத்தான் இங்கே வந்தேன். ஐந்து நிமிஷத்தில் முடிகிற ஆட்டம் ஆயிரம் இருக்கும்போது இந்த மாதிரி ஆட்டத்தில் மட்டும் ஜனங்கள் ஏன் வருஷக்கணக்கில் இருக்கிறார்கள்? நான் கவலைப்பட வேண்டுமா வேண்டாமா என்பதையும் ஆடுகிறவர்களே சொன்னால் நல்லது.

பின்வரிசைஹீலர் எழுதியது:

நிலாமுகில், உங்கள் கேள்விக்கான பதிலை நீங்களே கண்ணால் பார்த்துவிட்டீர்கள். அந்த இருபது நிமிஷம்தான் பதில். 19 பேர் ஏன் காத்திருந்தார்கள்? எழுந்து போனவர் இல்லாமல் அந்த அரக்கனை அடிக்க முடியாது, அவருக்குப் பதில் வேறு யாரையோ பிடித்துப் போடவும் அவர்களுக்கு மனசு வராது. இந்த இரண்டும் சேர்ந்துதான் எங்களை இங்கேயே வைத்திருக்கிறது.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இந்த வகை ஆட்டங்களில் ஒருவரே எல்லா வேலையும் செய்ய முடியாதபடி வேண்டுமென்றே பிரித்து வைத்திருப்பார்கள். டேங்க் என்பவர் முன்னால் நின்று அரக்கனின் கோபம் முழுவதையும் தன் பக்கம் இழுத்து அடி வாங்குவார். டிபிஎஸ் ஆட்கள் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ அடிப்பார்கள். ஹீலர் யாரும் சாகாமல் பார்த்துக்கொள்வார். டேங்க் எவ்வளவு பெரிய சூரனாக இருந்தாலும் ஹீலர் நாலு விநாடி கவனம் தப்பினால் தரையில் கிடப்பார். ஹீலர் மேல் அரக்கன் திரும்பிவிட்டால் இரண்டே அடியில் அவர் கதை முடிந்தது. ஒருவர் உயிர் இன்னொருவர் கையில் இருக்கிறது, அதுவும் நிஜமாகவே இருக்கிறது.

நான் 2007-லிருந்து ஹீலர். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆட்டத்தில் கராஜான் என்று பத்துப் பேர் போகிற ஒரு பேய்க் கோபுரம், அதன் உச்சியில் மால்செசார் என்று ஒரு பாஸ், அதாவது பெரிய அரக்கன். அவனிடம் ஒரு மந்திரம் உண்டு, சட்டென்று ஐந்து பேருடைய உயிரை 1-க்கு இறக்கிவிடுவான். எத்தனை ஆயிரம் இருந்தாலும் சரி, ஒன்று. அந்தச் சில விநாடிகளுக்கு அவர்கள் மேல் என் ஹீல் எதுவும் ஏறாது. அடுத்து அவனைச் சுற்றி ஒரு நிழல் வெடிப்பு வரும், பக்கத்தில் நிற்கிறவன் காலி. அதனால் அந்த ஐந்து பேரும் விலகி ஓட வேண்டும், ஓடுகிற வழியில் வானத்திலிருந்து எரிகிற பாறை அரக்கர்கள் எங்கே வேண்டுமானாலும் வந்து விழுவார்கள், அந்த நெருப்புக்குள்ளும் கால் வைக்கக் கூடாது. திரையின் ஓரத்தில் பத்து பச்சைப் பட்டைகள், அதில் ஐந்து வெறுமையாகிவிட்டன, என்னால் எதுவும் செய்ய முடியாது, டேங்கை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் சரியாக ஓடுவார்கள் என்று நம்ப வேண்டும். எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, எங்கள் கூட்டத்தில் எப்போதும் ஒரு விநாடி தாமதமாக ஓடுகிற ஒருவர் இருந்தார், மூன்று வாரம் அவரால்தான் தோற்றோம் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைச் சொல்லவில்லை. ரெய்டு லீடர் மட்டும் மந்திரம் வருவதற்கு ஐந்து விநாடி முன்னால் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார், வெறும் பெயர், வேறு ஒன்றும் இல்லை. நான்காவது வாரம் பாஸ் விழுந்தான். ஹெட்போனில் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம், அந்தத் தாமதக்காரர் மட்டும் சத்தமே போடாமல் இருந்தார். அப்புறம் மெதுவாக 'நன்றிங்க' என்றார். 18 வருஷம் ஆகப் போகிறது, இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

இப்போது உங்கள் தம்பி சொன்ன 'நல்லா போச்சு' என்பதற்கு வருகிறேன். அன்றைக்கு முதல் தடவை பாஸின் உயிர் எத்தனை சதவீதத்தில் இருந்தபோது செத்தார்கள், கடைசித் தடவை எத்தனையில் செத்தார்கள் என்று அவனிடம் கேளுங்கள். முதலில் 70, கடைசியில் 20 என்றால் அது அருமையான ராத்திரி. தோற்ற மாதிரி உங்களுக்குத் தெரிந்தது, உள்ளே இருக்கிறவர்களுக்கு அது ஒத்திகை. ஒவ்வொரு சாவிலும் ஒரு விஷயம் தெரியவரும், இங்கே நிற்கக் கூடாது, இந்த ஒலி வந்தால் திரும்ப வேண்டும், அவள் கூப்பிடும்போது கேடயத்தைப் போட வேண்டும். 14 தடவையில் 20 பேர் ஒரே உடம்பு மாதிரி அசையக் கற்றுக்கொள்கிறார்கள். பாட்டுக் கச்சேரிக்குப் பயிற்சி செய்கிறவர்களிடம் ஏன் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுகிறீர்கள் என்று கேட்க மாட்டோம் இல்லையா?

தனிநடை எழுதியது:

ஹீலர் சொல்வது அவருக்கு உண்மை. ஆனால் நான் ரெய்டு பக்கமே போவதில்லை, கில்ட் என்கிற நிரந்தரக் குழு எதிலும் இல்லை, மைக் வாங்கியதுகூட இல்லை, அப்படியிருந்தும் 12 வருஷமாக ஆடுகிறேன். என்னை மாதிரி ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறோம், சத்தம் போடாததால் கணக்கில் வருவதில்லை.

எனக்கு இழுப்பு அந்த உலகம்தான். தனியாக ஆடுகிற ரோல்பிளே ஆட்டங்கள் எவ்வளவோ அழகாக இருக்கின்றன, நானும் ஆடியிருக்கிறேன், ஆனால் கணினியை அணைத்தால் அந்த உலகம் நின்றுவிடும். எனக்காகவே கட்டிய ஊர் அது, நான் வரும்வரை கடைக்காரன் அசையாமல் நிற்பான். எம்எம்ஓவில், அதாவது ஏராளமானோர் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடுகிற இணைய ஆட்டத்தில், நான் தூங்கும்போதும் ஊர் நடக்கிறது. காலையில் போனால் நேற்று இல்லாத கூட்டம் சதுக்கத்தில் நிற்கும், யாரோ வாத்தியம் வாசித்துக்கொண்டிருப்பார்கள், சந்தையில் இரும்பு விலை ஏறியிருக்கும். அதில் எதுவும் எனக்காக நடந்ததில்லை. அதுதான் பிடித்திருக்கிறது.

நான் இருப்பது கில்ட் வார்ஸ் 2 என்ற ஆட்டத்தில். 2012-இல் வந்தது, மாதச் சந்தா கிடையாது, லெவல் உச்சம் அன்றைக்கும் 80, இன்றைக்கும் 80. ஆறு மாதம் ஆடாமல் விட்டுவிட்டு வந்தாலும் பழைய கவசம் பழசாகிப் போயிருக்காது, அதனால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய பதைப்பு இல்லை. அங்கே இன்னொரு விஷயம், வேறு ஒருவர் அடிக்கிற மிருகத்தை நானும் போய் அடித்தால் இரண்டு பேருக்கும் முழுப் பரிசு. நான் வெட்டுகிற மரத்தை நீங்களும் வெட்டலாம், என் பங்கு குறையாது. கீழே விழுந்து கிடப்பவரை யார் வேண்டுமானாலும் குனிந்து எழுப்பலாம். பழைய ஆட்டங்களில் இன்னொரு ஆள் வருவதைப் பார்த்தாலே 'நம்முடையதைப் பறிக்க வந்துவிட்டான்' என்று தோன்றும். இங்கே இன்னொரு ஆள் வந்தால் நல்லது. விதியை இப்படி மாற்றி எழுதியதும் மனுஷர்கள் நடந்துகொள்வதும் மாறிவிடுகிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

போன மாதம் ஒரு மலை முகட்டில் தாவித் தாவி ஏறுகிற புதிர் ஒன்றில் மாட்டிக்கொண்டேன். ஏழெட்டு தடவை விழுந்தேன். மேலே ஒரு பாறையில் யாரோ ஒருவர் நின்றுகொண்டிருந்தார், பெயர் தெரியாது, என்ன மொழி பேசுவார் என்றும் தெரியாது. நான் விழுந்ததும் அவர் இறங்கி வந்து என் முன்னால் நின்று ஒரு தடவை குதித்துக் காட்டினார், நின்றார், திரும்பிப் பார்த்தார், அடுத்த பாறைக்குத் தாவினார். அப்படியே ஒவ்வொரு பாறையாக உச்சி வரை கூட்டிக்கொண்டு போனார். மேலே போனதும் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தலை வணங்கினோம். அவர் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பேசப் பழக வரவே வராது, கூட்டத்தில் நெஞ்சு படபடக்கும். ஆனால் ஆட்கள் இருக்கிற இடத்தில் இருக்க எனக்கும் ஆசை உண்டு. அதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

நிலாமுகில் எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. ஹீலர், நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன். முதல் தடவை 81, கடைசித் தடவை 12 என்றான். கேட்டதும் அவன் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும், அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினான், பாதி புரியவில்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தேன். தனிநடை, உங்கள் பாறைக்காரரை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் கவலை பற்றி யாரும் சொல்லவில்லையே. ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கு எரிவதும் உண்டு, அது ரெய்டு நாளும் இல்லை.

கணக்கைமூடியவன் எழுதியது:

அதை நான் சொல்கிறேன், ஏனென்றால் மேலே எழுதிய இருவரும் நல்ல பக்கத்தில் நிற்கிறார்கள், நான் மறுபக்கம் போய்த் திரும்பியவன்.

நான் நாலு வருஷம் ஆடிய ஆட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஊர் பேர் தெரியாத சின்ன ஆட்டம்தான். ஆரம்பத்தில் ஹீலர் சொன்ன சந்தோஷம் எல்லாம் எனக்கும் இருந்தது. பிறகு அது எங்கே போனது என்று தெரியாமல் தினசரி வேலைகள் மட்டும் மிஞ்சின. டெய்லி என்பார்கள். தினமும் இதே ஐந்து குவெஸ்ட் முடித்தால் இத்தனை நாணயம், ஒரு நாள் விட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும், முதலிலிருந்து எண்ண வேண்டும். வாராவாரம் ஒரு நாள் எல்லாம் புதிதாகத் தொடங்கும், அதற்குள் போன வாரக் கணக்கை முடிக்க வேண்டும். இதற்கு மேல் லூட். பாஸ் செத்ததும் எந்தப் பொருள் விழும் என்று தெரியாது, நூற்றில் ஒன்று விழலாம், எப்போது என்று சொல்ல முடியாது. எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்குத்தான் மனசு அதிகமாகக் கட்டுப்படும் என்பது உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் சோதனை செய்த காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். ஒரு வாளுக்காக ஒரே குகைக்கு ஐந்து மாதம் போனேன். கிடைத்த அன்று சந்தோஷம் வரவில்லை, 'அப்பாடா, இனி இங்கே வர வேண்டாம்' என்றுதான் தோன்றியது. அன்றைக்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

நிறுத்தவில்லை. கடையில் காசு கொடுத்துக் கவசத்தை உயர்த்துகிற வசதி வந்தது, உயர்த்துவது தோற்றால் கவசமே உடைந்துவிடும், உடையாமல் காக்க இன்னொரு பொருளைக் காசுக்கு வாங்க வேண்டும். நான் கொடுத்த பணத்தை இங்கே எழுத மனசில்லை. கடைசியில் ஒரு நாள் அறிவிப்பு வந்தது, இன்னும் 60 நாளில் சர்வரை மூடுகிறோம் என்று. நாலு வருஷம் வளர்த்த கேரக்டர், கவசம், வீடு, எல்லாம் அவர்கள் கணினியில் இருந்தவை, அவர்கள் அணைத்தார்கள். கடைசி நாள் ஊர்ச் சதுக்கத்தில் முப்பது பேர் போல உட்கார்ந்திருந்தோம். திரை உறைந்து நின்றது, 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று வந்தது. அழுதேன். வெளியில் யாரிடமும் சொல்ல முடியவில்லை, எதற்கு அழுதாய் என்றால் என்ன சொல்வது?

அதனால் நிலாமுகில், எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் எண்ணாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் மணிக்கணக்கு எதுவும் இல்லை. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடிகிறதா, மற்ற வேலைகளையும் விருப்பங்களையும் அது தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கிறதா, கெடுதல் நடந்த பிறகும் தொடர்கிறதா, இதனால் வாழ்க்கையின் முக்கியமான பகுதிகள் பெரிதாகப் பாதிக்கப்படுகின்றனவா, இந்த நிலை பொதுவாக 12 மாதமாவது நீடித்ததா, இவற்றைத்தான் பார்க்கிறார்கள். வீட்டில் இருக்கிற நீங்கள் பார்க்க வேண்டியது இன்னும் எளிது. ஆடி முடித்து எழும்போது அவன் முகம் எப்படி இருக்கிறது? நீங்கள் சொன்ன அந்தச் சிரிப்பு எனக்குக் கடைசி இரண்டு வருஷம் வரவே இல்லை.

பின்வரிசைஹீலர் எழுதியது:

கணக்கைமூடியவன், நீங்கள் எழுதியதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். நானும் 2013-இல் எட்டு மாதம் விட்டுவிட்டுப் போனவன்தான், காரணம் அதே டெய்லி. எனக்குத் தோன்றுவது ஒன்று: ஆட்டத்தில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று போகிற நாளும் உண்டு, ஆட்டமே கடிகாரத்தைக் காட்டி இழுக்கிற நாளும் உண்டு. இரண்டும் ஒரே திரையில் நடப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, சில சமயம் உள்ளே இருப்பவனுக்கே தெரியாது. நிலாமுகில், அந்த இரண்டு மணி விளக்கு எதற்கு என்று அவனிடமே கேளுங்கள், நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தால் ஒன்று, தனியாக டெய்லி முடித்துக்கொண்டிருந்தால் வேறு.

பழையசர்வர் எழுதியது:

தாமதமாக வருகிறேன், ஆனால் இந்தப் பேச்சில் சேராமல் இருக்க முடியவில்லை. நான் எவர்குவெஸ்ட் என்ற ஆட்டம் வந்த காலத்து ஆள், 1999. இந்த விஷயம் படம், ஒலி எல்லாம் வருவதற்கு முன்பே ஆரம்பித்தது. 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் மட் என்ற ஆட்டத்தை எழுதத் தொடங்கினார், ரிச்சர்ட் பார்ட்டில் அதைத் தொடர்ந்து வளர்த்தார். வெறும் எழுத்து. 'நீ ஒரு குறுகிய பாதையில் நிற்கிறாய்' என்று வரி வரும், நாம் 'வடக்கே போ' என்று தட்ட வேண்டும். ஆனால் அதே பாதையில் இன்னொரு மனுஷன் நின்றுகொண்டிருப்பான், அவன் எங்கேயோ இன்னொரு முனையில் தட்டிக்கொண்டிருப்பான். அந்த ஒரு அதிசயம்தான் இன்று வரை விற்கிறது.

அதே பார்ட்டில் 1996-இல் எழுதிய கட்டுரையில் ஆடுகிறவர்களை நாலு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருபவர், சுற்றிப் பார்க்க வருபவர், பழக வருபவர், மற்றவரைத் தாக்க வருபவர். ஹீலரும் தனிநடையும் சண்டை போட வேண்டியதில்லை, இரண்டு பேருக்கும் அதில் இடம் இருக்கிறது. அவர் இன்னொன்றும் சொன்னார், இந்த நாலு வகையும் ஒன்றையொன்று சார்ந்தது, ஒரு வகை பெருகினால் இன்னொன்று தேயும். தாக்குபவர்கள் கூடிவிட்டால் பழக வந்தவர்கள் ஓடிவிடுவார்கள், ஊர் வெறிச்சோடும்.

எவர்குவெஸ்டில் செத்தால் உங்கள் உடம்பு செத்த இடத்திலேயே கிடக்கும், கவசம் எல்லாம் அதன் மேல், நீங்கள் வெறும் உடம்போடு எங்கேயோ எழுந்து நிற்பீர்கள். சம்பாதித்த அனுபவப் புள்ளியும் போய்விடும். ஆழமான குகைக்குள் செத்திருந்தால் தனியாகப் போய் எடுக்க முடியாது. பிணத்தை இழுத்து வரத் தெரிந்த நெக்ரோமான்சர் யாரையாவது தேட வேண்டும், தூரத்துக்குப் போக டிரூயிட்டையோ மந்திரவாதியையோ கெஞ்ச வேண்டும். கொடுமையாக இருக்கிறது இல்லையா? கொடுமைதான். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு முன்பின் தெரியாத ஒருவன் தன் வேலையை விட்டுவிட்டு வந்து என் பிணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறான், காசு நீட்டினால் வேண்டாம் என்றிருக்கிறான். அடுத்த நாளிலிருந்து அவன் என் நண்பன். அந்த உலகத்தில் முதலில் ஏலக்கடை கிடையாது, ஈஸ்ட் காமன்லேண்ட்ஸ் என்ற இடத்தில் ஒரு சுரங்கப் பாதை, அங்கே ஆட்கள் தாங்களாகவே கூடி வாங்கவும் விற்கவும் ஆரம்பித்தார்கள், அது பெரிய சந்தை ஆகிவிட்டது. ஆட்டத்தை உருவாக்கியவர்கள் அதைச் சந்தையாகத் திட்டமிடவில்லை. எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்ற பொருளாதாரப் பேராசிரியர் 2001-இல் அந்த உலகத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்து, தலைக்கு உற்பத்தி ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் நடுவில் வருகிறது என்று எழுதினார்.

பிறகு 2004 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தது, சாவை எளிதாக்கியது, தனியாகவும் லெவல் ஏற வழி கொடுத்தது, 2010-இல் சந்தாதாரர் 1 கோடியே 20 லட்சத்தைத் தொட்டார்கள். எளிதாக்கியதால்தான் அத்தனை பேர் வந்தார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் 2009 டிசம்பரில் ஒரு பொத்தான் வந்தது, அழுத்தினால் பல சர்வர்களிலிருந்து ஐந்து பேரை அதுவே சேர்த்துக் குகைக்குள் போட்டுவிடும். வசதிதான். அதற்கு முன்னால் ஹீலர் வேண்டும் என்றால் நகரத்தில் நின்று கூவ வேண்டும், கிடைத்த ஹீலர் நல்லவராக இருந்தால் பெயரைக் குறித்து வைப்போம். மோசமாக நடந்துகொண்டவன் பெயரும் சர்வர் முழுக்கத் தெரிந்திருக்கும், அவனை யாரும் சேர்க்கமாட்டார்கள். பொத்தான் வந்த பிறகு 'வணக்கம்' சொல்லாமல் உள்ளே போய், 'நன்றி' சொல்லாமல் வெளியே வந்தோம். 2019 ஆகஸ்டில் பழைய வடிவத்தையே திரும்பத் திறந்தார்கள், அந்தப் பொத்தான் இல்லாமல். முதல் நாட்களில் குவெஸ்டுக்கான ஒரு அரக்கன் மறுபடி முளைக்கிற இடத்தில் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றார்கள். ஆட்டத்தில் வரிசை என்ற விதியே இல்லை, குறுக்கே புகுந்து அடித்தாலும் தடுக்க எதுவும் இல்லை. நான் 40 நிமிஷம் நின்றேன், என் முன்னால் நின்றவரோடு பேசிக்கொண்டே நின்றேன், இன்றைக்கும் அவரோடு பேசுகிறேன்.

கடைசியாக ஒன்று. நார்வேயில் ஒரு இளைஞர், தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர், வார்கிராஃப்டில் வருஷக்கணக்கில் ஆடினார். மகன் தனிமையிலேயே வாழ்ந்து முடித்துவிட்டான் என்றுதான் பெற்றோர் நினைத்திருந்தார்கள். 2014-இல் தன் 25-வது வயதில் அவர் இறந்ததும், அப்பா மகனுடைய வலைப்பூவில் செய்தியைப் போட்டுத் தன் மின்னஞ்சலையும் கொடுத்தார். கடிதங்கள் வந்தபடி இருந்தன, அவர் எங்களுக்கு இப்படிக் காது கொடுத்தார், என் மகனோடு நான் பேச அவர்தான் வழி சொன்னார் என்று. கில்டிலிருந்து சிலர் வேறு நாடுகளிலிருந்து கிளம்பி அடக்கத்துக்கு வந்தார்கள். அந்தப் பெற்றோருக்கு மகனின் வாழ்க்கை முழுதாகத் தெரிய வந்தது அதற்கப்புறம்தான். நிலாமுகில், நீங்கள் நாற்காலியை இப்போதே போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள், உங்கள் தம்பி கொடுத்து வைத்தவன்.

நிலாமுகில் எழுதியது:

பழையசர்வர் ஐயா, உங்கள் கடைசிப் பத்தியை மூன்று தடவை படித்தேன்.

கணக்கைமூடியவன் சொன்னதையும் ஹீலர் சொன்னதையும் வைத்து அவனிடம் நேராகவே கேட்டேன், ராத்திரி இரண்டு மணிக்கு என்ன செய்கிறாய் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். டெய்லிதான் என்றான். இரண்டு கேரக்டர் வைத்திருக்கிறான், இரண்டுக்கும் தினமும் முடிக்க வேண்டுமாம், இரண்டாவதை ஏன் வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை அக்கா என்றான். நான் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் அவனாகவே வந்து இரண்டாவதை விட்டுவிட்டதாகச் சொன்னான். செவ்வாய், வியாழனை விடச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை.

நேற்று வியாழன். நாற்காலியோடு போனேன், கூடவே இன்னொரு ஹெட்போனும் எடுத்து வைத்திருந்தான். எண்ணுகிற அந்தப் பெண் 'அக்கா வந்திருக்காங்களா, வணக்கம்' என்றார். குழந்தைக்காரரும் இருந்தார், குழந்தை தூங்கிவிட்டதாம். ஒன்பதாவது தடவை அரக்கனின் உயிர் 4 சதவீதத்துக்கு வந்தது, நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அப்போது யாரோ நெருப்பில் கால் வைத்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் 'அய்யோ' என்றார்கள், நானும்தான், என் மைக் திறந்திருந்தது எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை வருகிறீர்களா என்று கேட்டார்கள், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.